கைவேலை என்று எழுதிய அண்ணாச்சி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஹென்றி அவர்களே! கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கும் தண்டையார்பேட்டை வியாபாரிகளே! துறைமுகத்துத் தோழர்களே! மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்திருக்கும் காசிமேட்டுத் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஞானப்பூ அக்கா அவர்களே! எல்லோருக்கும் இந்தக் கிரேன் ஓட்டி கஸ்பாரின் வணக்கம்.

எங்கள் நாணயச் சங்கத்தின் நிறுவனர், பலசரக்கு வியாபாரி, நாணயப் பிழை அறிந்த பெருமகன் வேதமாணிக்கம் அண்ணாச்சி போய்விட்டார்! அவரைப் புகழ எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் மூன்று வருடமாக நான் மறைத்து வைத்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது அண்ணாச்சி ஒருவருக்குத்தான் தெரியும். கப்பலுக்கு மேலே நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பு தூக்குகிறவன் நான். இந்த மைக்கைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அறுபத்து மூன்றில் தொடங்கியது சங்கம். இடம் எது? அண்ணாச்சியின் கிடங்கு. நாற்காலி எது? மிளகாய் மூட்டை. தும்மிக்கொண்டே காசு பார்த்த கூட்டம் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓடுவோம். அண்ணாச்சியின் வீட்டம்மா ஞானப்பூ அக்கா சுக்குக்காப்பி கொண்டு வருவார். பித்தளைத் தட்டில் ஒரு காசு சுற்றி வரும். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே நேர்ந்த தவறு என்றால் "பிழை" என்று எழுத வேண்டும். பிறகு எவனோ அரத்தால் ராவி, சுத்தியால் தட்டிச் செய்த தில்லுமுல்லு என்றால் "கைவேலை" என்று எழுத வேண்டும். பிழைக்கு விலை உண்டு. கைவேலைக்குக் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மூக்கில் மிளகாய் நெடி ஏறுகிறது, அம்மா!

அதோ, சிலுவையம்மாள் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் அவர் கையில் ஒரு பத்துப் பைசா. சிங்கம் பாதிதான் விழுந்திருந்தது, மீதிப் பாதி வெறும் தகடு. எந்தக் கடையிலும் வாங்கவில்லை. அண்ணாச்சி அதைப் பார்த்தார். "தாயி, இதத் தேய்க்காத, கழுவாத. அடிக்கும்போது தகடு விலகி நின்னிருக்கு. பதினஞ்சு ரூவா பெறும். நான் யாவாரி, ஆசை வந்தா அஞ்சுக்குக் கேட்டுருவேன். எங்கிட்ட விக்காத, சங்கத்துல நாலு பேரு முன்னால வையி" என்றார்.

சிலுவையம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னா நைனா, செல்லாத காசுன்னு கண்டக்டரு என்னை எறக்கி வுட்டுட்டான். நீ பதினஞ்சு ரூபா பெறும்ன்ற! காலங்காத்தாலயே போட்டுகினு வந்தியா?"

சிரியுங்கள், அக்காவும் சிரிக்கிறார். ஒரு சொட்டுக் கள்ளைத் தொடாத மனிதர் அண்ணாச்சி! அந்தக் காசு பதினெட்டு ரூபாய்க்குப் போனது.

இனி என் கதை. எழுபத்தொன்றில் பாரிமுனை நடைபாதையில் ஒரு காலணா வாங்கினேன். ஒரு பக்கம் ராஜா தலை மேடாக இருந்தது. மறுபக்கம் அதே தலை பள்ளமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி இருந்தது. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அடுத்த தகட்டில் இப்படி விழும். அபூர்வம்! தட்டில் வைத்தேன். எல்லாச் சீட்டிலும் "பிழை". ஒரே சீட்டில் மட்டும் "கைவேலை".

"ராஜா மூக்கு சப்பையாக் கெடக்கு பாத்தீராவே? ரெண்டு காசைச் சேத்து வச்சு நெருக்கியிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வந்ததே கோபம்! "பருப்பு நிறுக்குறவருக்கு இன்னாய்யா தெரியும்?" என்று சபை நடுவே கத்தினேன். அதே இடத்தில், அதே கோபத்தில், ராயபுரம் கயிற்றுக்கடை தாவூது பாய்க்கு நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றேன். என்மேல் நம்பிக்கை வைத்து வாங்கினார் பாய்.

இரண்டு மாதம் கழித்து, துறைமுகப் பட்டறையில் விளையாட்டாக இரண்டு காலணாவை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினேன். திறந்து பார்த்தால், பள்ளத்தில் ராஜா தலை! மறுபக்கம் சப்பை மூக்கு! அப்படியே அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் கேலி செய்தாரா? "நான் அப்பவே சொன்னேன்" என்றாரா? இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாய்கிட்ட சொல்லிட்டீரா?"

"நீங்களே சொல்லிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"வித்தது உம்ம வாயிவே. அந்த வாயிதான் சொல்லணும்."

சொன்னேனா? மானம் போகுமே என்று சொல்லவில்லை. மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் கேட்டார். அடுத்த மாதம் பம்பாய்க் கண்காட்சிக்கு பாய் அந்தக் காசைக் கொண்டுபோகிறார் என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அண்ணாச்சிக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். பாவி நான், சாகப்போகிற மனிதரிடம் பொய்யாகத் தலையாட்டினேன்! அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். வியாழக்கிழமை போய்விட்டார்.

தாவூது பாய், மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். அந்தக் காசு கைவேலை. பம்பாய்க்குக் கொண்டு போகாதீர்கள், அங்கே நாலு பெரிய மனிதர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சபையில் சத்தம் போட்டு விற்றேன், அதனால் சபையிலேயே சொல்கிறேன். உங்கள் பணம் என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மூன்று வருடம் ஆசையாக எடுத்துக் காட்டினீர்களே, அதை நான் எப்படித் திருப்பித் தருவேன்? என்னை என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே, வருகிற ஞாயிறும் தட்டு சுற்றும், சீட்டு எழுதுவோம். என் காசானாலும் தலைவர் காசானாலும் கண்டதைத்தான் எழுதுவோம். இது அண்ணாச்சிக்கு இந்தச் சங்கம் கொடுக்கும் வாக்கு.

அண்ணாச்சி! புதன்கிழமை நான் தலையாட்டியது பொய். இப்போதுதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி.