கெஞ்சாமல், திட்டாமல்

பொன்னையா: பூட்டிட்டாங்கன்னா... என்னா அர்த்தம் தங்கச்சி?

கஜனி: உங்கடை கடிதத்தைப் பூட்டிப்போட்டினம் அண்ணை. இனி அதுக்குக் கீழை ஒருத்தரும் பதில் எழுதேலாது.

பொன்னையா: பதில் வரணும்னுதானே போட்டோம்.

கஜனி: போட்டோம் இல்லை, போட்டீங்கள். நேற்று நான் சாப்பிடப் போன நேரம் நீங்களே இருந்து தட்டியிருக்கிறியள்.

பொன்னையா: நீங்கதானே காட்டிக் குடுத்தீங்க. வெளிநாட்டுல இருக்க நம்ம ஆளுக கம்ப்யூட்டர்ல ஒரு எடத்துல கூடிக் கதைக்கிறாங்க, கேட்டா யாராச்சும் சொல்லுவாங்கன்னு...

கஜனி: ஓம், கேக்கச் சொன்னனான். ஏழு இடத்திலை கேக்கச் சொல்லேல்லை. சமையல் பக்கத்திலையும் போட்டிருக்கிறியள்.

பொன்னையா: சமையலா?

கஜனி: ஒரு பிள்ளை கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்கு. அதுக்குக் கீழை உங்கடை மனுசி காணாமல் போன கதை.

பொன்னையா: பொம்பளைங்க பாக்குற எடம்னு நெனச்சேன். பொம்பள கஷ்டம் பொம்பளைக்குத்தானே தெரியும்...

கஜனி: சரி, எழுதினதை வாசிக்கிறன், கேளுங்கோ. "அவசரம் அவசரம் அவசரம். குவைத்தில் இருப்பவர்கள் உடனே பதில் போடவும். என் மனைவி பூரணி எங்கே."

பொன்னையா: சரியாத்தானே இருக்கு.

கஜனி: பொறுங்கோ. இது ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. "யாரும் பதில் போடவில்லை. வெளிநாடு போனதும் உங்களுக்கெல்லாம் நெஞ்சு கல்லாகிவிட்டதா."

பொன்னையா: கோவத்துல தட்டுனதுங்க.

கஜனி: அதுக்குக் கீழை பூரணி அக்கான்ரை பாஸ்போட் நம்பர். அதுக்கும் கீழை என்ரை கடை போன் நம்பர்.

பொன்னையா: நம்பர் இல்லாம எப்புடிக் கூப்புடுவாங்க?

கஜனி: கூப்பிட்டவங்கள். காலமையிலை இருந்து மூண்டு பேர். ஒருத்தன், பூரணி இருக்கிறாளோ எண்டு கேட்டுச் சிரிச்சுப்போட்டு வைச்சவன்.

பொன்னையா: நாசமாப் போறவன்...

கஜனி: அதுதான் அழிச்சுப்போட்டினம். அதை நடத்துற அம்மா ஒராள், நாகலெட்சுமி எண்டு பேர், உங்களுக்கு எழுதியிருக்கிறா. "ஐயா, உங்கள் கவலை புரிகிறது. எண்கள் தவறானவர்கள் கையில் சிக்கக்கூடாது என்பதால் அழித்துவிட்டேன். ஒரே ஓர் இடத்தில், நடந்ததை விவரமாக எழுதுங்கள். யார் உதவ முடியும் என்று அப்போதுதான் தெரியும்."

பொன்னையா: ஐயான்னா எழுதியிருக்காங்க?

கஜனி: ஓம்.

பொன்னையா: நெஞ்சு கல்லுன்னு திட்டுன ஆளயா...

கஜனி: இப்ப சொல்லுங்கோ, நான் தட்டுறன். இந்த முறை வடிவா எழுதுவம்.

பொன்னையா: எழுதுங்க. ஐயாமாரே, அம்மாமாரே, ஒங்க கால்ல விழுந்து கும்புட்டுக் கேக்குறேன். நாங்க ஏழைங்க, ஒலகம் தெரியாத...

கஜனி: அண்ணை.

பொன்னையா: என்னாங்க?

கஜனி: நேற்றுத் திட்டினீங்கள். இண்டைக்குக் காலிலை விழுறியள்.

பொன்னையா: பெறகு எப்புடிக் கேக்குறது? தோட்டத்துல தொரைகிட்ட ஒரு காரியம்னா, ஒண்ணு குனிஞ்சு நிக்கணும், இல்லாட்டி சங்கத்து ஆளுகளோட போயி ஆபீஸ் வாசல்ல சத்தம் போடணும். எனக்கு ரெண்டுதான் தெரியும்.

கஜனி: ரெண்டுக்கும் நடுவிலை கனக்க இடம் இருக்கு. இதுக்குள்ளை துரை ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வேலை முடிஞ்சு களைச்சு வந்து இருந்து வாசிக்கிற சனம். அவைக்கு என்ன தெரிஞ்சால் தேடலாம் எண்டு யோசியுங்கோ.

பொன்னையா: அவ பேரு, ஊரு...

கஜனி: அதுதான். முதல்லை தலைப்பு.

பொன்னையா: அவசரம்னு...

கஜனி: அவசரம் எண்டு பாத்தால் என்ன விளங்கும்? "வட்டவளையைச் சேர்ந்த பூரணி, குவைத் சால்மியா, ஐந்து மாதமாகத் தொடர்பு இல்லை." சால்மியாவிலை இருக்கிறவன் கட்டாயம் திறந்து பாப்பான்.

பொன்னையா: சரி... அவ போயி ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆகுது. வீட்டு வேல. மாசம் ஒருக்கா ஒங்க கடைக்குத்தான் போன் எடுத்துக் கதைப்பா, ஒங்களுக்கே தெரியும்.

கஜனி: எந்தப் பக்கத்து வீடு? ஏதாவது சொன்னவவோ?

பொன்னையா: எதுத்தாப்புல கூட்டுறவுக் கடையாம். சமைக்கிற குசினி ஜன்னலத் தொறந்தா பள்ளிக்கூட மைதானம் தெரியுமாம். புள்ளைங்க வெளையாடுறதப் பாக்குறப்ப நம்ம பாப்பா நெனப்பு வருதுன்னு சொன்னா.

கஜனி: நல்லது. அவ வேலை செய்யிற வீட்டுக்காரன்ரை பேரை எல்லாருக்கும் முன்னாலை எழுத வேண்டாம். கேக்கிறவைக்குத் தனிமடலிலை சொல்லுவம். நீங்கள் இதுவரைக்கும் என்னென்ன செய்தனீங்கள்?

பொன்னையா: அது எதுக்கு அவங்களுக்கு?

கஜனி: நீங்கள் செய்து பாத்ததையே செய்யச் சொல்லி நாலு பேர் எழுதாமல் இருக்க.

பொன்னையா: வீட்டு நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன், மணி போகுது, யாரும் எடுக்கல. கொழும்புக்குப் போயி அவளை அனுப்புன ஆளக் கேட்டேன். ரெண்டு காயிதம் போட்டேன், ஒண்ணு திரும்பி வந்திருச்சு. அம்புட்டுத்தான்.

கஜனி: கடைசியாக் கதைச்சது எப்ப?

பொன்னையா: தீவாளிக்கு முந்தி. ஞாயித்துக்கெழம.

கஜனி: அண்டைக்கு என்ன கதைச்சனீங்கள்?

பொன்னையா: சும்மா... பாப்பா படிப்பு, மழ... எப்பவும் கதைக்கிறதுதான்.

கஜனி: வேறை ஒண்டும் இல்லையோ?

பொன்னையா: இல்லீங்க... ஒண்ணும் இல்ல.

கஜனி: ம். சரி. கடைசியிலை, "பதில் எழுத நேரம் எடுக்கும் என்று தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்ப்பேன். நேற்று எழுதியதற்கு வருந்துகிறேன்" எண்டு போடட்டோ?

பொன்னையா: போடுங்க. நெஞ்சு கல்லுன்னு சொன்னதுக்குத் தனியா ஒரு வருத்தம் போடுங்க.

*

கஜனி: இருவத்துமூண்டு நிமிசம் அண்ணை. போன் கூண்டுக்குள்ளை மூச்சு விட்டனீங்களோ?

பொன்னையா: அவதான்... அவளேதான் தங்கச்சி. கொரலு கொஞ்சம் கம்மியிருக்கு, மத்தபடி அவதான்.

கஜனி: முதல்லை இருங்கோ. தண்ணி குடியுங்கோ.

பொன்னையா: பெறகு குடிக்கிறேங்க.

கஜனி: சரி, சொல்லுங்கோ, சுகமா இருக்கிறாவோ?

பொன்னையா: ஒண்ணும் இல்லையாம். அடி இல்ல, நோய் இல்ல. வீட்டுக்காரங்க மாசிக்கு முந்தியே ஜஹ்ராங்குற எடத்துக்கு மாறிட்டாங்களாம். அதான் பழைய நம்பர்ல யாரும் எடுக்கல. நான் என்னென்னமோ நெனச்சு... ஆசுபத்திரில கெடக்குறாளோ, ஜெயில்ல கெடக்குறாளோன்னு... பாப்பாகிட்ட என்னா சொல்றதுன்னு தெரியாம...

கஜனி: அழுங்கோ அண்ணை, பறவாயில்லை. கடையிலை ஒருத்தரும் இல்லை.

பொன்னையா: அழலீங்க. சிரிச்சா தங்கச்சி. நான் ஹலோன்னேன், அவ சிரிச்சா. ஆனி மாசத்தோட ஊருக்கு வந்துர்றாளாம்.

கஜனி: அப்பாடா. எனக்கே இப்பதான் நெஞ்சுக்குள்ளை இருந்தது இறங்கினமாதிரி இருக்கு. எங்கடை கடிதத்துக்குப் பதில் போட்டுத் தேடின அந்தப் பட்டிப்பொலை ஊர்க்காரன் கெட்டிக்காரன்.

பொன்னையா: தண்ணி பவுசர் லாரி ஓட்டுறவராம். சால்மியாவுல கூட்டுறவுக் கடைக்கு எதுத்தாப்புல இருந்த பழைய வீட்ட அவருதான் கண்டுபுடிச்சிருக்காரு. காவக்காரன் ஒரு பெங்காலிக்காரர், அவருகிட்டப் புது எடத்தக் கேட்டு, வெள்ளிக்கெழம லீவுல ஜஹ்ரா வரைக்கும் போயி... மொகம் தெரியாத மனுசன் தங்கச்சி. எனக்காக எதுக்குப் போகணும்?

கஜனி: நீங்கள் மைதானத்தைச் சொன்னீங்கள். அவர் அந்த மைதானத்துக்குத் தண்ணி ஊத்துறவராம். இப்ப வாங்கோ, இதிலை இருங்கோ.

பொன்னையா: எதுக்குங்க?

கஜனி: கிடைச்சிட்டா எண்டு எழுத வேண்டாமோ? பதினொரு பேர் கேட்டிருக்கினம். ஒரு அம்மா கோயிலிலை அருச்சனை செய்ததெண்டு போட்டிருக்கிறா. கிடைச்ச உடனை எழும்பிப் போனால், அவை இன்னும் தேடிக்கொண்டு இருப்பினம்.

பொன்னையா: ஆமாங்க... அது பெரிய பாவம். நானே தட்டுறேன், நீங்க எழுத்துப் பிழ பாருங்க. "பூரணி கிடைத்துவிட்டார். நலமாக இருக்கிறார். இனி யாரும் தேட வேண்டாம்." பெறகு அவங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணாப் போடணும். பட்டிப்பொலைக்காரரு மொதல்ல.

கஜனி: நாகலெட்சுமி அம்மாவையும் மறக்காதேங்கோ.

பொன்னையா: அவங்க இல்லாமயா... "ஐயா என்று எழுதியதற்கு நன்றி"ன்னு போடவா?

கஜனி: போடுங்கோ.

பொன்னையா: போட்டுட்டேன்... என்னா தங்கச்சி, ஏதோ சொல்ல வர்றாப்புல இருக்கு?

கஜனி: அண்ணை... உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். பவுசர் ஓட்டுறவர் எனக்கு ஒரு தனிமடல் போட்டவர். முதல் தரம் பூரணி அக்கா கதைக்க மாட்டன் எண்டிட்டாவாம். பிறகு உங்கடை கடிதத்தைக் கடதாசியிலை எடுத்துக்கொண்டு போய் வாசிச்சுக் காட்டினவராம். கடைசி வரிக்கு முன் வரியிலை அழுதவவாம்.

பொன்னையா: ம்.

கஜனி: அந்த வரி நீங்கள் சொன்னது இல்லை. தீபாவளிக்கு முன்னம் கூண்டுக்குள்ளை நீங்கள் கதைச்சது எனக்குக் கேட்டது. பலகை மெல்லிசு. இன்னும் ஒரு வருசம் இருக்கப்போறன் எண்டு அவ சொல்ல, நீங்கள் "அங்கயே கெட, இனிமே எனக்குப் போன் எடுக்காத" எண்டு... நீங்கள் அதை மறைச்சால், சனம் ஆசுப்பத்திரியிலையும் பொலிசிலையும்தான் தேடும். அதாலை நீங்கள் போன பிறகு நான் ஒரு வரி சேர்த்தன். "கடைசியாகப் பேசியபோது, இனி போன் எடுக்காதே என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது." உங்களைக் கேக்காமல் உங்கடை பேரிலை எழுதினது. பிழைதான் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

பொன்னையா: தெரியும் தங்கச்சி. ரெண்டாவது ஞாயிறு நீங்க கண்டிக்குப் போயிருந்தப்ப வந்தேன்ல... ஒங்க அப்பா, தம்பிராசா மாஸ்டர்தான் தொறந்து காட்டுனாரு. அந்த வரியப் பாத்ததும் ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. அழிங்கன்னு சொல்லத்தான் மாஸ்டரக் கூப்புட்டேன். அவரு கிட்ட வந்து என்னண்டு கேட்டாரு. ஒண்ணுமில்லீங்க, ஒரு வார்த்த விட்டுப்போச்சுன்னேன்... "பிழை முழுவதும் என்னுடையது"ன்னு மாத்தித் தரச் சொன்னேன்.