கோட்டை வாசலில் கேட்ட குரல்

குளிர்காலத்தில் மக்கள் பாவத்தைச் சுருக்கமாகத்தான் சொல்வார்கள். கோயில் தரை அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும். லாப்போ மட்டும் நிதானமாகச் சொல்லுவான். மொந்தெவெர்னோ ஊரின் கோட்டை வாசல் காவலன் அவன். தவக்காலம் பிறந்ததும் முதல் ஆளாக வந்து, பங்குச் சாமியாரான என் முன்னால் மண்டியிடுவான்.

என்னை விசாரிக்க ஆயர் உங்களை அனுப்பியிருக்கிறார், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். அவன் சொன்ன பாவம் ஒன்றேதான். கொள்ளைக் காய்ச்சல் பரவிய வருடம், மலையடிவாரத்திலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி ஏறி வந்து வாசலைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை.

"ஒரு சாமியாரையாவது கூட்டிட்டு வாங்க, மதில் மேல நின்னு மன்னிப்புச் சொல்லட்டும்னு கெஞ்சினா சாமி. நான் காதைப் பொத்திக்கிட்டேன். மத்தியானத்துக்குள்ள சத்தம் நின்னுபோச்சு."

அவள் என் தங்கை பியேரா. அது அவனுக்குத் தெரியாது. அடுத்த வருடமே இந்த ஊர்க் கோயில் பங்கை நான்தான் ஆயரிடம் கேட்டு வாங்கினேன்.

பாவமன்னிப்புப் பெறாமல் சாகிறவர்கள் எங்கே போவார்கள் என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நான் அதை நம்புகிறவன். கத்தியால் குத்தினால் உடம்பு மட்டும்தான் போகும். பியேராவுக்கு அவன் செய்தது அதைவிடப் பெரிது. ஆகவே மன்னிப்பு வாசகத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், இலத்தீனிலேயே வெங்காயம், அவரை, பூண்டு, கடுகு என்று சொன்னேன். சிலுவை வரைந்தேன். அவன் கண்ணீரோடு ஆமென் என்றான்.

ஒன்பது தவக்காலம் இப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் அதே பாவத்தோடு திரும்பி வந்தான்.

"போன வருசமே மன்னிச்சிட்டீங்க. ஆனா நெஞ்சுல ஏறின கல்லு இறங்க மாட்டேங்குதே சாமி."

"பொறு லாப்போ. இறங்கும்."

அவனை நான் ஒருபோதும் கடிந்து பேசியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் அவன் படுத்துவிட்டான். மகள் தெஸ்ஸா கன்னியர் மடத்திலிருந்து வந்திருந்தாள். மடத்தில் இலத்தீன் சொல்லித் தருவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. கையை நீட்டி அவனுக்குரியதைச் சொல்லி முடித்தபோது அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"சாமி, இப்போ என்ன சொன்னீங்க? வெங்காயம்னா சொன்னீங்க?"

நான் கழுத்தில் கிடந்த பூசைத் துண்டைக் கழற்றினேன்.

"அப்பாவுக்கு இன்னும் மூச்சு இருக்கு. உங்க கால்ல விழுறேன். ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லுங்க."

விழவும் செய்தாள். நான் அந்தத் துண்டை நாலாக மடித்தேன். ஓரம் சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தேன். லாப்போ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தக் கடைசி நேரத்தில் அவன் காதருகே குனிந்து, "பியேரா என் தங்கச்சி" என்றேன். அவன் உதடு அசைந்தது. மூச்சு நின்றது.

நான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

ஆனால் நேற்று நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பது வருடம் உள்ளம் உடைந்து அழுதவனைக் கடவுளே மன்னித்திருப்பார், அதற்கு உன் வாய்ச்சொல் தேவையில்லை என்றீர்கள். யோசித்துப் பாருங்கள். அப்படியானால் வாசலுக்கு வெளியே அழுதபடி செத்த பியேராவும் அன்றைக்கே மோட்சம் போயிருப்பாள். லாப்போ அவளிடமிருந்து எதையும் பறித்திருக்க மாட்டான். அவனும் இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

அப்படி இருக்க முடியாது. என் தங்கை நரகத்தில்தான் இருக்கிறாள். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.