ஆத்து மேல ஓர் அடுப்படி

— அண்ணே, அந்த ஜன்னலைச் சாத்திடவா?

— எதுக்கு? காத்து வரட்டும்லா. மூணாவது லாரியும் பாலத்துல ஏறிடுச்சு பாரு. இங்கேர்ந்து சரக்குக் கிட்டங்கிப் பக்கத்துப் பாதிப் பாலம்தான் தெரியுது, மணல் மூட்டையை எங்க எறக்கறானுங்கன்னே தெரியல.

— வேணாம்ணே. சத்தியமா என்னால அந்தப் பக்கம் பாக்க முடியாது.

— என்ன சேதுபதி, மூடி கூடப் போடாம எங்க போறே? முதல்ல இங்க் பாட்டிலைக் கீழ வை. மேசை மேல கொட்டினா முதலாளி என்னைத்தான் பிடிப்பார், என்ன நான் சொல்றது?

— மருதப்பண்ணே, கதவு சாத்தியிருக்கா?

— சாத்தித்தான் இருக்கு. முதலாளி, இன்ஜினீயர், பத்திரிகைக்காரன் எல்லாரும் பாலத்துல நிக்கிறாங்க. ஆபீஸ்ல படம் வரையற நாம ரெண்டு பேரும்தான் மிச்சம். சொல்லு.

— சொன்னா வேலை போயிடும். வேலை போனாக்கூடப் பரவால்ல, ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னுதான் பயம்.

— அட போய்யா! படம் வரையறவனை எவன் ஜெயில்ல போடுவான்? நீதானே ஆறு மாசமாத் துள்ளிக்கிட்டிருந்தே? பழைய இரும்புப் பாலத்துல இனிமே கார் போகாது, ரெண்டு ஓரத்துலயும் கடை, அதுக்கு மேல மூணு மாடி வீடு, மொட்டை மாடியில தோட்டம்னு. தீப்பெட்டி அட்டையை வெட்டி மாதிரிப் பாலம் செஞ்சவன் நீ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கு, இன்னிக்குக் காலையில கூட எல்லாரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

— அதுல ரெண்டாவது மாடி, மூணாவது வீடு. கண்மணி அது மேல மஞ்சள் பொட்டு வச்சிருக்காண்ணே. ஜாலான் புசார்ல ஒரே அறையில எங்கம்மா, தம்பிங்க, நாங்கன்னு ஒம்பது பேரு. ஆத்து மேல தனக்குன்னு ஓர் அடுப்படின்னு தூக்கத்துல கூடச் சொல்றா.

— புக்கிட் ஹோ சுவீ குடிசைங்க எரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து ஊரே வீடு வீடுன்னு அலையுது. உன் பொண்டாட்டி ஆசைப்பட்டா தப்பா? சரி, விஷயத்துக்கு வா.

— பாலத்துக்கு ஆத்துல ரெண்டு காலு. எந்தக் கால்ல வெடிப்பு?

— என்னையே கேக்கறியா? காப்பிக்கடைப் பக்கத்துக் கால்ல. அந்தப் பக்கம் ஒரு மூட்டை கூட வைக்கக்கூடாது, கிட்டங்கிப் பக்கத்து நல்ல காலை மட்டும் இன்னிக்கு மூட்டை ஏத்திச் சோதிக்கணும், பழுதானதைப் பின்னால கட்டிக்கலாம்னு இன்ஜினீயர் சொல்லியிருக்கார்.

— கூலி ஆளுங்கள்ல தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாம் இருக்காங்க, எந்த எழுத்தும் எல்லாருக்கும் புரியாதுன்னு முதலாளி என்கிட்ட சொன்னாரு இல்ல? அதனால நான் எழுத்தே இல்லாம மெல்லிசுத் தாள்ல பாலத்தை மட்டும் வரைஞ்சேன். வெடிப்பு விட்ட காலுக்குச் சிவப்புல ஒரு பெருக்கல் குறி. நேத்துக் காலையிலேர்ந்து கரையில இருக்கற பலகையில குத்தி வச்சிருக்கு. சிவப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூட்டை வைக்கக்கூடாது.

— தெரியும். நல்ல யோசனைன்னு முதலாளி உன் முதுகைத் தட்டினாரே.

— அந்த யோசனையில மண்ணு விழுந்துச்சுண்ணே. பாலத்தோட பழைய வரைபடம் மெல்லிசுத் துணியில இருக்கு, ரெண்டு பக்கமும் கோடு தெரியும்; அதைக் கீழ விரிச்சு, அது மேல தாளை வச்சுத்தான் வரைஞ்சேன். துணியில எழுத்து இருந்த மூலையைக் கரையான் தின்னுடுச்சு. இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து அதைச் சுருட்டறேன், ஓரத்துல பென்சில்ல பொடியா ஒரு நம்பர். நான் வச்சு வரைஞ்ச பக்கத்துலேர்ந்து பார்த்தா அது இடம் வலமா மாறித் தெரியுது.

— ம்.

— துணியை நான் குப்புறப் போட்டுட்டேண்ணே! பாலமே வலது இடதா மாறிப்போச்சு. சிவப்பு கிட்டங்கிப் பக்கம் விழுந்துடுச்சு. அப்படின்னா மூட்டை எல்லாம் வெடிச்ச கால் மேல!

— ம். அவ்வளவுதானா?

— என்னண்ணே இப்படிச் சாவதானமாக் கேக்கறீங்க? உங்களுக்குக் கோபம் வரலியா?

— வராது. அதுக்கு நான் ஒரு சங்கதி வச்சிருக்கேன். நீ முதல்ல முடி.

— முடிச்சுட்டேண்ணே. சத்தியமா யாருக்கும் தெரியாது. ஒரே ஓட்டமா பாலத்துக்கு ஓடினேன். தண்ணி ஏறிக் கெடக்கு, வெடிப்பு கண்ணுக்குத் தெரியல. லாரி வந்து நிக்குது, மேஸ்திரி கத்தறான். பலகைக்கிட்டப் போய்ப் பின்னை உருவினேன், தாளைப் புரட்டினேன், திரும்பக் குத்திட்டு வந்துட்டேன். மெல்லிசுத் தாள் இல்ல? ரெண்டு பக்கமும் சிவப்பு தெரியும். இனிமே எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா யாராவது பார்த்திருப்பாங்களோன்னுதான் பயமா இருக்கு.

— என்ன பண்ணினே?

— புரட்டி வச்சேன்.

— சேது, இங்க என் முகத்தைப் பாரு. இன்னிக்குக் காலையிலயா புரட்டினே?

— ஏழரை இருக்கும்.

— புரட்டறதுக்கு முன்னாடி சிவப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு? பார்த்தியா?

— எங்கண்ணே பார்த்தேன்? மேஸ்திரி திரும்பறதுக்குள்ள புரட்டினா போதும்னு இருந்துச்சு. நான் தப்பா வரைஞ்சது எனக்குத் தெரியாதா? கிட்டங்கிப் பக்கம்தான் இருந்திருக்கும். ஏண்ணே எழுந்திருச்சுட்டீங்க?

— ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறேன். கடவுளே.

— பயமுறுத்தாதீங்கண்ணே.

— கண்மணி எங்க? வீட்டுலதானே இருக்கா?

— இல்ல. வீட்டுக்குப் பேர் குடுத்த எல்லாரையும் முதலாளி வரச்சொல்லியிருக்காரு, போட்டோ எடுக்க. அவ காலையிலயே பயந்தா. நான்தான் தாளைப் புரட்டிட்டு வந்து, தைரியமாப் போ, மூட்டை அடுக்கியிருக்கற பக்கத்துலயே நில்லு, அதுதான் பத்திரமான பக்கம்னு சொல்லி அனுப்பினேன்.

— மூட்டைக்குப் பக்கத்துலயா?

— ஆமா. அண்ணியையும் கூட்டிக்கிட்டுத்தான் போனா. அண்ணே, என்னண்ணே? விசில் ஊதறான், கேக்குதா? கடைசி லாரியும் ஏறிடுச்சு போல. இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிஞ்சுடும்.

— சேது, ஜன்னல்கிட்ட வா. வாடா! கிட்டங்கிப் பக்கத்தைப் பாரு. என்ன தெரியுது?

— ஒண்ணும் இல்லியேண்ணே. வெறும் பாலம்தான். ஒரு மூட்டை கூட… அப்ப மூட்டை எல்லாம் எங்க?

— நேத்து சாயங்காலம் தண்ணி எறங்கினப்போ காப்பிக்கடைப் பக்கத்துக் கால்ல அந்த வெடிப்பை நான் கண்ணால பார்த்தேன்டா, உன் தாள்ல சிவப்பு கிட்டங்கிப் பக்கம் இருந்துச்சு. உன் பேரு கெட்டுடக்கூடாதேன்னு யார்கிட்டயும் சொல்லாம, நேத்தே அந்தத் தாளை நான் புரட்டிக் குத்திட்டேன்.