ஒரிஜினல் டப்பாவில் ஆறு

கொரியன் காருக்கு ஆயில் ஃபில்டர் வாங்க வருகிறவர்களிடம் நான் உண்மையைத்தான் சொல்வேன் ஐயா. கம்பெனி ஃபில்டர்தான் போட வேண்டும் என்றில்லை. வெளித் தயாரிப்பிலும் நல்லது உண்டு. போலிக்குத்தான் பயப்பட வேண்டும். அதே டப்பா, அதே ஸ்டிக்கர். உள்ளே ரப்பர் வால்வு மட்டும் இருக்காது. வண்டி நிற்கும்போது எண்ணெய் இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இன்ஜின் சில நொடிகள் வறண்டு ஓடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பதினோரு வருடமாக உதிரிபாகக் கடையில் நிற்கிறேன். போலி வந்தால் கையில் தூக்கிப் பார்த்தே ஒதுக்கிவிடுவேன். அப்படி ஒதுக்கியதில் ஆறை மட்டும் பத்திரப்படுத்தினேன், அக்கா வீட்டுக்காரருக்காக.

அக்காவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்தப்போக்கு கண்ட அன்று அத்தானின் கார் வாசலில்தான் நின்றது. வாங்கி ஒன்பதாம் நாள். வெள்ளை சீட். போனில் என்னிடம் சொன்னார்: "சீட்டெல்லாம் பாழாயிடும்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், இதோ வந்துடும்."

வர நாற்பது நிமிடம் ஆனது. அக்காவும் வயிற்றுப் பிள்ளையும் போனார்கள். மூத்தவள் பாப்பாவுக்கு அப்போது நாலு வயது.

அழுது ஓய்ந்ததும் வீட்டில் எல்லோரும் அவரை மன்னித்தார்கள். நானும் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டருக்கு என்னிடம்தான் வருவார்.

"வெளியில பாதி விலைக்குக் கிடைக்குதாமே?"

"நீங்க இந்த வண்டியைத் தாங்குற தாங்கலுக்கு ஒரிஜினல்தான் சரி அத்தான்."

சிரிப்பார். "மச்சினிச்சி கடையில இருக்கும்போது எனக்கென்ன கவலை!"

கழற்றிய ஃபில்டரை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, வெட்டிப் பிரித்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரலால் தடவிப் பார்ப்பேன். மூன்றாவதில் மினுமினுவென்று, இன்ஜின் தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூள். ஐந்தாவதில் விரலே வெள்ளிப் பூச்சாக இருந்தது. அக்கா போனபின் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது அன்றைக்குத்தான். டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதென்று வந்தார். "சென்சார் கோளாறு அத்தான், ஓட்டுங்க" என்றேன்.

அந்தக் கார் அவர் கண்ணெதிரே, நடுரோட்டில் செத்து நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பாப்பா பள்ளி வேனில் போகிறவள். அதை விசாரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

போன புதன்கிழமை பாப்பாவுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளை, ஒரு துணிகூட விரிக்காமல் அந்த வெள்ளை சீட்டில் கிடத்திக்கொண்டு அத்தான் கிளம்பியிருக்கிறார். பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவை நான் ஒரு நிமிஷம்கூட நிக்கலம்மா" என்றார்.

ஆறு ஃபில்டரையும் கொடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பாப்பா விஷயத்தில் தப்பு அவருடையது ஐயா. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்திருக்கலாம். அவருக்குத்தான் அது பழக்கமாயிற்றே.