ஊர் முழுக்க வக்காலத்து

— நாப்பது வக்கீலு ஆண்டாயி, நாப்பது. அத்தனை பேரையும் எதிர்ல நிறுத்தி எம்மவ சுகன்யா ஜெயிச்சா. அவ வக்கீலுக்குப் பீஸ் கட்டுனது யாருங்கிற? எவன்கிட்டேருந்து அத்துவுடுங்கன்னு கோர்ட்டுக்குப் போனாளோ, அந்தப் புருசன் தமிழழகனே.

— டீ ஆறுது அமிர்தலிங்கண்ணே. வுட்டா கலெக்டரே வந்து உங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுனாருன்னு சொல்லுவீங்க.

— நல்லாக் கேளு ஆண்டாயி. சிமெண்ட் பேக்டரியிலேருந்து ரிட்டயர் ஆனதும் அங்க ஷிப்டுக்கு ஊதுற சங்கை இவரே ஊதிக்கிட்டுத் திரியுறாரு. பெரம்பலூர் கோர்ட்டுல தினம் கவுன் மாட்டுறவன் நான். நாப்பது பேரு நிக்க அந்த ஹால்ல எடம் ஏது?

— அழகேசன் வக்கீலே, நீங்க வடையைச் சாப்புடுங்க. ஆண்டாயி, அவன் எம்மவ மேல கைநீட்டுனது உனக்குத் தெரியும்.

— தெரியாம என்னண்ணே. வீங்குன கன்னத்தோட பஸ்ஸ வுட்டு எறங்கி, இந்தக் கடை வழியாத்தானே நடந்து வந்துச்சு.

— இனி அவனோட வாழ மாட்டேன்னுட்டா. வக்கீல் தேடி நாங்க ஏறாத படி இல்ல. போன எடமெல்லாம் ஒரே பதிலு. ‘தமிழழகனுக்கு வக்காலத்து போட்டாச்சு, உங்களுக்கு ஆஜராக முடியாது.’ எங்களுக்கு முந்தியே அந்தப் பய ஊரு முழுக்கச் சுத்தி, ஆளுக்குக் கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிருக்கான். அவளுக்கு ஒருத்தரும் கெடைக்கக் கூடாதாம்.

— அடப்பாவி. கல்யாணப் பத்திரிகை வக்கிற மாதிரில்ல வச்சிருக்கான்.

— அப்புடி எவனும் பண்ண மாட்டான். ஆதாரம் எங்க?

— வருது, பொறுங்க. அரியலூருக்குப் பஸ் ஏறுனோம். அங்க ஜெயசுதான்னு ஒரு வக்கீல் பொண்ணு. கதையக் கேட்டு மேசையத் தட்டிச் சிரிச்சுது. ‘எம் பீஸையும் அவருகிட்டயே கேப்போம்’னு மனுப் போட்டுச்சு. அதுக்கு அவன், ‘எனக்கு வருமானமே இல்ல, சோத்துக்கே தாளம்’னு பதிலு குடுத்தான்.

— ரெண்டு செல்போன் கடை வச்சுக்கிட்டா?

— கடை அவங்கம்மா பேர்ல இருக்கு. சட்டப்படி அது...

— சட்டம் கெடக்கட்டும் வக்கீலய்யா. அப்புறம் என்னண்ணே?

— ஜட்ஜம்மா நிமுந்து, ‘எதிர்த்தரப்புக்கு யாரு?’ன்னாங்க. அவ்ளோதான். வாங்குன காசுக்கு அவங்கவங்க எந்திரிச்சாங்க. ஹாலே இருண்டு போயி பட்டப்பகல்ல லைட்டைப் போட்டாங்க.

— ம்க்கும். இதுக்கு ஒரு சாட்சி வேணும்.

— ஜட்ஜம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டுனாங்க. ‘சோத்துக்கு இல்லாதவருக்கு இத்தனை வக்கீலா? அந்தம்மா வக்கீல் செலவையும் நீங்களே கட்டுங்க’ன்னுட்டாங்க. கட்டுனான். அதோட கொட்டம் அடங்குச்சு. இன்னைக்குத் தீர்ப்பே கைக்கு வந்துருச்சு. அங்க பாரு, ஜெராக்ஸ் கடையில நிக்கிறா, வாய் கொள்ளாத சிரிப்போட.

— ஆமா, எத்தினி நாளாச்சு அந்தப் புள்ள சிரிச்சு. ஏன் வக்கீலய்யா, கோர்ட்டே கதின்னு கெடக்குறவரு நீங்க. அண்ணன் சொல்றது நடந்துச்சா இல்லியா? வடையப் பாக்காம என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— நாப்பதுங்கிறது பொய்யி ஆண்டாயி. ஆனா நடந்துச்சு. முன்வரிசையில எந்திரிச்சவரு நல்ல ஒசரம். அவருக்குப் பின்னாடி நானும் எந்திரிச்சு நின்னேனா, எத்தினி பேருன்னு சரியா எண்ண முடியல.