தண்ணீரில் பாதி குடித்தவள்

நான் பொய் பேசுகிறவன் அல்லன். கரைத்தீவில் என்னுடைய போன் திருத்தும் கடைக்கு வந்து போகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். களப்புத் தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டுவந்து நீட்டினால், சரிவராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ஆறுதலுக்காகக்கூட வேறு மாதிரிச் சொல்வதில்லை.

நடந்ததை எழுத்தில் தரும்படி பள்ளிவாசல் நிர்வாக சபை கேட்டிருக்கிறது. ஒரு பக்கம் போதும் என்றார் தலைவர் முத்தலிபு ஹாஜியார். அவர் கோபத்தில் இருந்ததால், அது ஒரு பக்கத்தில் அடங்காது என்று நான் சொல்லவில்லை.

என் மனைவி ஜுனைதா மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது எட்டு வயதில் தோணியேறிக் கற்பிட்டிக்கு வந்தவள். தோணியில் அவளுடைய உம்மாவுக்குக் கடும் காய்ச்சல். உம்மாவுக்கென்று ஒரு போத்தல் தண்ணீரை வாப்பா இவளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். தாகம் தாங்காமல் இவள் அதைக் குடித்துவிட்டு, போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். கற்பிட்டிக்கு வந்த நான்காம் நாள் உம்மா மவுத்தாகி, அங்கேயே அடக்கினார்கள். இருபத்தேழு வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்தான். போன வருடம் ஒரு நாள், பகல் சோறு ஆக்கி இறக்கிவிட்டு, உட்கார்ந்து முகநூலில் எழுதிவிட்டாள்.

எழுதிய பிறகு போனைக் கையை விட்டு வைக்கவில்லை. ஒருவர் "மாஷா அல்லாஹ்" என்று போட்டார். ஒருவர் "சுப்பர் சிஸ்டர்" என்றார். இன்னொருவர் மன்னார்க் கருவாடு கிடைக்குமா என்று விசாரித்தார். அவளுடைய மாமி போன் எடுத்து, குடும்பத்து மானம் கப்பலேறிவிட்டதாக அரை மணி நேரம் ஏசினார். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அத்தன பேரும் வாசிச்சிட்டாங்க," என்றாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "உன்னில குத்தமில்ல எண்டு ஒருத்தரும் சொல்லல்லயே."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை தாகத்தில் குடித்தது, அதில் என்ன குற்றம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று பட்டது. கை கழுவிவிட்டு நேரே கடைக்குப் போய், விற்காமல் கிடந்த ஒரு சிம்மை எடுத்து, முகநூலில் உம்மு குல்சூம் என்று ஒரு பெண்ணை உண்டாக்கினேன். முகப்படத்துக்கு ரோசாப்பூ.

சும்மா ஆறுதல் சொல்லிவிட்டு ஒதுங்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் லேசில் விடுவார்களா? யாருடைய மகள், எந்த ஊர், எந்தத் தோணி என்று ஜுனைதா கேட்டாள். உம்மு குல்சூம் அதே தோணியில் வந்தவள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏறிய பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியாதல்லவா, அந்தத் தண்ணீரில் பாதியை அவளும் குடித்தாள். "நீ மட்டும் குடிக்கல்ல தங்கச்சி, நானும்தான் குடிச்ச," என்று எழுதினேன்.

அன்று ஜுனைதா இரண்டு பீங்கான் சோறு தின்றாள். குல்சூமைத் தாத்தா, தாத்தா என்று மூத்த சகோதரியாகவே வரித்துக்கொண்டாள். இரண்டாம் மாதம், தோணியில் குல்சூம் போட்டிருந்த மஞ்சள் சட்டை அவளுக்கு ஞாபகம் வந்தது. சட்டையின் நிறத்தை நான் சொல்லியிருக்கவே இல்லை.

குல்சூமைக் குவைத்தில் வேலைக்கு வைத்திருந்தேன். எட்டு மாதம் நன்றாகப் போனது. உன் புருசன் மஸாஹிர் தங்கமான மனிதர், அவரைக் கைவிட்டுவிடாதே என்று அவள் அவ்வப்போது புத்தி சொல்வாள். ஒரு நாள் ஜுனைதா பதில் எழுதினாள்: "தங்கமானவர்தான் தாத்தா. ஆனா, பதினாறு வருசத்தில ஒரு நாளும் உனக்கு என்ன எண்டு கேட்டதில்ல."

அடுத்த வாரம் குல்சூமுக்குச் சுகமில்லாமல் போனது. இரண்டுக்கும் தொடர்பில்லை. அவள் விடுமுறையில் ஊருக்கு வரட்டும், மூன்று நாள் வைத்து விருந்து கொடுக்கிறேன் என்று ஜுனைதா நச்சரிக்கத் தொடங்கியிருந்தாள். வேறு வழி தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை அவளை மவுத்தாக்கிவிட்டேன்.

ஜுனைதா பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்புவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியூரில் மவுத்தானவர்களுக்கு நம் பள்ளியில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவது வழக்கம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இமாம் மவுத்தானவளின் வாப்பா பெயரைக் கேட்டார், நின்ற இடத்தில் ஒரு பெயர் சொன்னேன். இல்லாத பெண்ணுக்காக இருநூற்றுச் சொச்சம் பேர் தொழுதார்கள். முதல் வரிசையில் நின்றவன் நான். எனக்கும் கண் கலங்கியது, எட்டு மாதப் பழக்கம் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் பேரில் கத்தம் ஓதி நெய்ச்சோறு கொடுத்தோம். நல்ல ருசி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

பிழை அடுத்த நாள்தான் நடந்தது. கடை விளம்பரத்தை என் கணக்கில் போடுவதற்குப் பதிலாகக் குல்சூமின் கணக்கில் போட்டுவிட்டேன். போனுக்குத் திரை மாற்றினால் உறை இலவசம். அழைக்க வேண்டிய இலக்கமும் என்னுடையது.

ஹாஜியார் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "மவுத்தான பொம்புள ஒரு கெழமைக்குப் பொறகு கடை விளம்பரம் போட்டீக்கிறா. இதென்ன மஸாஹிர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "ஊரையே தொழ வெச்சிட்டியே. குத்தமில்ல எண்ட அந்த ஒரு வார்த்தய நீயே அவக்கிட்டச் சொல்லீக்கலாமே?"

உண்மையில் அது எனக்குத் தோன்றவே இல்லை. புருசன் பெண்சாதிக்குள் அப்படியெல்லாம் கதைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

அஸர் தொழுகைக்கு முன்னால் ஜுனைதாவிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றார் ஹாஜியார். சொல்லத்தான் போனேன். அவள் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

"இண்டைக்கிப் போட எண்டு முந்தியே நேரம் குறிச்சு வெச்சிட்டுப் போயீக்கிறா. மவுத்தாகப் போற நேரத்திலயும் உங்கட கடைய மறக்கல்ல பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தத் தண்ணிக் கதைய இனி நான் யாருக்கிட்டக் கதைக்கிற?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

நியாயமான கேள்வி. நேரே கடைக்குப் போனேன்.

குல்சூமின் விடயத்தில் நான் செய்தது பிழைதான், சபையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கணக்கை நேற்றே மூடிவிட்டேன். அவளுடைய மகளுக்கு நஸ்ஹா என்று பெயர் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயது, அப்படியே தாயின் சாயல், முகப்படத்துக்கு மல்லிகைப்பூ.