சானடோரியத்துக்கு ஒரு சிபாரிசு

எனக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது. ராயபுரத்தில் நம் கல்லூரியில் பதினெட்டு வருஷம் பாடம் நடத்திவிட்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இத்தனை காலமும் கிரேக்கத் தத்துவம் கற்பித்தேன்.

முதல்வர் அவர்களே, உங்கள் மேசைமேல் இருக்கும் கடிதம் நான் எழுதியதுதான். சுற்றி வளைக்க வேண்டாம்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் தயவு. கஸ்பாருக்குத் தெரியும். குருமடத்தில் ஏழு வருஷம் படித்து, சாமியாராகாமல் வெளியே வந்து, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தவர். ஆன்மாவைப் பற்றிய அந்தப் பழைய உரையாடல்களை மூலத்திலிருந்து நேராகத் தமிழில் எழுதினார். சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில், ஊதா காப்பியிங் பென்சிலால். அந்தப் பென்சிலை நாக்கில் நனைத்தால்தான் எழுத்து பளிச்சென்று விழும். வரிக்கு ஒரு தரம் நக்குவார். நாக்கும் உதடும் ஊதா. 1952-இல் ஒருநாள் அந்த ஊதாவோடு சிவப்பும் கலந்திருந்தது. சீட்டுகளைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டுதான் பிரதி எடுத்தேன். என் பெயரில் வந்து எனக்குப் பேராசிரியர் பதவி வாங்கித் தந்த புத்தகத்தில் அந்த மனிதரின் எச்சில் படாத வரி ஒன்றுகூட இல்லை.

"கடேசிப் பக்கத்துல சின்னதா எம்பேரு போட்டா போதும் சார்," என்றார்.

மூட்டை எண்ணுகிறவர் பெயர் அச்சில் வந்தால், இருவரில் யாருக்குக் கிரேக்கம் தெரியும் என்று ஊர் கேட்கும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள்.

அந்த மாதமே அவர் மனைவி ஆலிஸ் வந்தாள். "ரத்தமா கக்கிகினு கீறாரு சார். டிபி சானடோரியத்துல பெட்டு இல்லியாம். உங்கள மாரி பெரியவங்க லெட்டரு குட்தா சேத்துக்குவாங்களாம்."

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. அது வரட்டும் என்றேன். ஆறு வாரத்தில் வந்தது. சொன்ன சொல் தவறாமல் அன்றே எழுதினேன், ஆங்கிலத்தில்: 'கஸ்பார் என் பராமரிப்பில் இருக்கிறார். தனி டாக்டர் வைத்து ஊசி போட்டு வருகிறேன். மனைவியின் பதற்றத்தைப் பொருட்படுத்தாமல், படுக்கையை ஆதரவற்ற வேறொருவருக்குத் தாருங்கள்.' டாக்டரும் இல்லை, ஊசியும் இல்லை.

கஸ்பார் ஆங்கிலம் படிப்பார். அதனால் உறையை ஒட்டிக் கொடுத்தேன். பெரியவர்கள் ஒட்டியதை அவர்கள் பிரிக்க மாட்டார்கள். ஆலிஸ் அதை ஒரு நாள் மாதா காலடியில் வைத்திருந்து, பிறகு தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் கஸ்பார் செத்தார்.

அதன் பிறகு மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல் எனக்குக் குழம்பு கொண்டுவந்தாள். "அவுருக்காவ எழுதினீங்களே சார்," என்று காலைத் தொடுவாள். அவள் போனதும் குழம்பைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் காலைக் கழுவுவேன்.

போன மாதம் துறைமுகத்தில் தரும் விதவைப் பணத்துக்காகச் சானடோரியத்தில் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதில் என் கடிதமும் இருந்தது. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வந்தாள். அழவில்லை.

"அவுரு பேரப் போட்டிருந்தா நீங்க இன்னா சார் கொறஞ்சு பூட்டிருப்பீங்கோ?"

பதில் சொன்னால் பேச்சு வளரும் என்று கதவைச் சாத்தினேன். கடிதத்தோடு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

கொன்றாயா என்று கேட்டால், ஆம், கொன்றேன். ஆனால் அந்தப் படுக்கையில் யாரோ ஓர் ஏழை பிழைத்து எழுந்திருப்பான் அல்லவா. அவனுக்கு என் பெயர்கூடத் தெரியாது. நானும் நன்றி எதிர்பார்த்துச் செய்யவில்லை.